ஒரு வரிசைக் கல்

சுகந்தியும் இன்னும் ஐந்து பேரும் ஓர் ஆன்லைன் விளையாட்டில் பாதுகாப்புக் கூட்டணி அமைத்து, ஆறு கோட்டைகளிலும் ஒரே நாளில் நீலக் கொடி ஏற்றினார்கள். அவற்றின் நடுவில் ஏழாவது கோட்டையோடு மாட்டிக்கொண்ட தணிகைவேல், “யாருக்கு எதிரா இதெல்லாம்?” என்று மைக்கில் கேட்டான். “யாருக்கும் எதிரா இல்ல ப்ரோ. சும்மா ஒரு பாதுகாப்புக்கு” என்றாள் சுகந்தி. அவன் பயந்துபோய்த் தன் மதிலில் ஒரு வரிசைக் கல்லை ஏற்றினான். “பாத்தீங்களா, சண்டைக்கு ரெடியாவுறான்” என்று அவள்தான் மற்றவர்களுக்குப் படம் அனுப்பினாள். அரை மணி நேரத்தில் அவன் கோட்டை சாம்பலானது. புகை அடங்கியதும் பார்த்தால், மிச்சமிருந்த ஆறு மதில்களில் அவளுடையதுதான் உயரம். சத்தமில்லாமல் ஒரு வரிசைக் கல்லை இறக்கினாள். மைக்கில் யாரோ செருமினார்கள். “கல்ல எதுக்கு எடுக்குறீங்க சுகந்தி? யார உள்ள விடப் போறீங்க?”