கோணல் கோடு

மேனேஜர் இல்மரி தரையில் தவழ்ந்து மஞ்சள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். தூலிக்கி இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்லாந்தில், ஊலு நகரத்துக்கு வெளியே இருந்த அந்த சர்க்யூட் போர்டு தொழிற்சாலை, ஏழு வருஷத்தில் ஐந்து முதலாளிகளைப் பார்த்துவிட்டது. தூலிக்கியின் சட்டையில் இரண்டாவது முதலாளியின் பெயர், தொப்பியில் நான்காவது முதலாளியின் பெயர். ஐந்தாமவரோ கம்பெனியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஜெர்மன்காரருக்கும் மறு பாதியை ஸ்வீடன்காரருக்கும் விற்றுவிட்டார். டேப்புக்கு எந்தப் பக்கம் மேஜையோ, ஆள் அந்தக் கம்பெனிக்கு.

நேராக வந்த டேப், தூலிக்கியின் வரிசை வந்ததும் வளைந்தது. அங்கிருந்த எட்டுப் பேருமே பென்ஷனுக்கு இரண்டு மூன்று வருஷம் பாக்கி உள்ளவர்கள். அவர்களை ஸ்வீடன் பக்கம் தள்ளிவிட்டு டேப் மறுபடி நேரானது. காபி மெஷின் ஜெர்மன் பக்கம் போனது.

"யோவ், என் மேஜைக்கும் காபி மெஷினுக்கும் நாலடி. நான் எப்படிய்யா ஸ்வீடன்?"

"தரை கோணலா இருக்கு," என்றார் இல்மரி நிமிராமல்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கிறிஸ்துமஸ் பார்ட்டியில உன் பாட்டைக் கேட்டுச் சிரிச்சேன்ல, அந்தக் கடுப்பு."

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

அன்றிலிருந்து டேப்பைத் தாண்டப் படிவம் எழுத வேண்டியிருந்தது. வருகையின் நோக்கம்: காபி. தங்கும் காலம்: பத்து நிமிஷம். கையெழுத்துப் போடுபவர், மெஷினுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டிருந்த இல்மரி.

"மகாராஜா, இன்னிக்கு ரெண்டாவது கப்புக்கு உத்தரவு உண்டா?" என்பாள். அவர் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போடுவார்.

ஒரு பாதியை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. இந்த வயதில் தூலிக்கிக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"காபி இல்லாத பக்கத்தைத்தான் மூடுவாங்க. பழிவாங்கிட்டான் பாவி," என்று வரிசை முழுக்கச் சொல்லிப் புலம்பினாள்.

வியாழக்கிழமை மதியம், வாராவாரம் போடும் பட்டாணி சூப் நேரத்தில் கடிதம் வந்தது. ஜெர்மன் பாதி மூடல். மெஷின்கள் எல்லாம் ஹங்கேரிக்கு. மாலைக்குள் காபி மெஷினையும் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

இல்மரி மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். தூலிக்கி படிவம் எழுதாமலே டேப்பைத் தாண்டினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. திறக்கல. டேப்பைப் பத்தி அதுல ஒண்ணும் போடல."

"இன்னும் கொஞ்சம் வளைச்சிருக்கலாமேய்யா."

"எட்டு மேஜைக்கு மேல வளைச்சா வரைபடத்துல கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தூலிக்கி குனிந்து தரையைப் பார்த்தாள்.

எட்டு மேஜைக்காக வளைந்த அந்த டேப், இல்மரியின் மேஜையருகே நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.