அழிக்கப்பட்ட செய்தி

"அதையே எதுக்கும்மா திரும்பத் திரும்பக் கேக்குறீங்க? ஊரே சிரிச்சு முடிச்ச கதை."

வெயிலில் காய்ந்த கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள் அமுதவல்லி.

இளமதி கையிலிருந்த போனைச் சற்றுத் தள்ளி வைத்தாள். சென்னையில் அரசியல் தகவல்தொடர்பு எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தேர்தல் நேரத்தில் வாட்ஸப் செய்திகள் கரையோர ஊர்களில் எப்படிப் பரவின என்பது அவளுடைய ஆய்வு. சொந்த ஊர் இதே மாவட்டத்துத் திருக்கோகர்ணம். ஆய்வுக்கு இந்த ஜெகதாப்பட்டினம்தான் வேண்டும் என்று பேராசிரியரிடம் அவளே கேட்டு வாங்கியிருந்தாள்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐஸ் கம்பெனி வாசலில் நின்ற பெண்களிடம் அமுதவல்லி வீட்டை விசாரித்தாள். "வாட்ஸப் அமுதவல்லியா? அந்தா அங்கிட்டு, பச்சைக் கதவு" என்று ஒருத்தி கை காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் இளமதியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாங்க்கா" என்றாள் இளமதி. சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை.

அமுதவல்லி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

தேர்தலுக்கு முந்தின மாசம் அவள் புருஷன் ஆண்டியப்பன் போன விசைப்படகை எல்லை தாண்டியதென்று இலங்கையில் பிடித்து வைத்துவிட்டார்கள். காத்தாயி புருஷனும் அதே படகில்தான். காத்தாயி அடுத்த தெரு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம். ஆறுதல் சொல்ல வந்த கட்சிக்காரர்கள், பிடிபட்டவர்கள் வீடுகளிலெல்லாம் போன் நம்பர் வாங்கிப் போனார்கள். அந்த வீடுகளில் வாட்ஸப் இருந்தது அமுதவல்லி போனில் மட்டும்தான்.

ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் விடியும்போது அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேசியது ஒரு பெண். நம் வேட்பாளர் டெல்லி வரைக்கும் பேசி எல்லாரையும் விடுவித்துவிட்டார், பொழுது சாய்வதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள், இனி யாரும் அழ வேண்டாம் என்றாள்.

"நம்ம பக்கத்துப் பேச்சும்மா. கூடப் பொறந்தவ சொல்ற மாதிரி இருந்துச்சு. அழுதுக்கிட்டே போட்டுப் போட்டுக் கேட்டேன். அப்பறம் எங்க நிக்கிறது? ஓடுனேன்."

இளமதி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு செய்தியை மக்கள் நம்புவது அதில் இருக்கும் விஷயத்துக்காக இல்லை, சொல்கிற குரலுக்காகத்தான் என்று வகுப்பில் அவள் ஒரு கட்டுரை வாசித்திருக்கிறாள். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கட்டுரைதான் தேர்தல் சமயத்தில் அவளை ஒரு கட்சியின் பிரசார அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சார்ஜில் கிடந்த போனைக்கூட எடுக்காமல், அமுதவல்லி தெருத் தெருவாக ஓடிச் சொன்னாள். காத்தாயி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பிள்ளைகளுக்கு நல்ல சட்டை போட்டு அழைத்துக்கொண்டு எல்லாரும் துறைமுகத்துக்குப் போனார்கள். வெயில் ஏறி, இறங்கி, இருட்டியும் விட்டது. யாரும் வரவில்லை. அப்பா வந்தால்தான் சாப்பிடுவேன் என்ற காத்தாயி மகள் பட்டினியோடு மணலிலேயே தூங்கிப்போனாள்.

எங்கே அந்த மெசேஜ், காட்டு என்றார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் போனைத் திறந்தால், குரல் இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான் கிடந்தது. அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப்.

"நானாக் கட்டிவிட்டேன்னாங்க. கட்சிக்காரன் சொல்லிக்குடுத்து ஓட்டுக்காகப் பேசுறேன்னாங்க. காத்தாயி வந்தா. கொழம்புச் சட்டியக் கொண்டாந்து எங்க வாசல்ல கவுத்துட்டுப் போயிட்டா."

பிடிபட்டவர்கள் கோர்ட்டு, கேஸெல்லாம் முடிந்து பின்னால் ஊர் திரும்பினார்கள். ஆண்டியப்பனே வந்ததும் வராததுமாக, நீ எதுக்கு அப்படிச் சொன்னே என்றுதான் கேட்டான். காத்தாயி இன்றுவரை முகம் கொடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் அமுதவல்லியைக் கண்டால் பாதிக் குடத்தோடு நகர்ந்துவிடுகிறாள்.

‘அப்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது’ என்று இளமதி ஒரு கேள்வி தயார் செய்து வந்திருந்தாள். சென்னையில் அது நல்ல கேள்வியாகத் தெரிந்தது. இங்கே அதைச் சொல்ல நாக்குக் கூசியது. அமுதவல்லி கொடுத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது. கடைசியில் வேறொன்றைத்தான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையாக்கா?"

"தெரியாமத்தான் இருந்துச்சு."

இளமதி நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்படி விட்டது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. நன்றி சொல்லி, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அமுதவல்லியும் எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டினாள். காத்தாயி வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்றாள்.

"அவங்கதான் பேச மாட்டாங்களேக்கா" என்று தயங்கினாள் இளமதி.

"அவ பேச வேணாம், நீ பேசு." அதுவரைக்கும் வராத ‘நீ’ இப்போது வந்தது. "வாசல்ல வந்து நின்னு நீ வாயத் தொறந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீயாச் சொல்லுவேன்னுதான் இம்புட்டு நேரம் ஒக்காந்து பாத்தேன். அன்னைக்கு வாய்ஸ்ல என்கிட்டப் பேசுனியே, அதே குரல்ல அவகிட்டயும் ஒரு தடவ பேசிட்டுப் போ."