நான்காவது பிரஷ்

கடைப்பெண் எடுத்துக் காட்டிய மூன்று கரண்ட் பிரஷ்களையும் தணிகாசலம் தள்ளிவிட்டார். முதலாவது கனம், அடுத்தது இரைச்சல், மூன்றாவதன் நிறம் பிடிக்கவில்லை. அவர் மனைவி பொற்கொடிக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை வருஷம் சாதா பிரஷில் பல் தேய்த்த மனுஷனுக்குத் திடீரென்று கரண்ட் பிரஷ் கேட்கிறது. ஒரு மாதமாகச் சவரத்துக்கும் சலூன்தான். காபியும் அரை டம்ளர் போதுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பெரிய மிட்டாமிராசு என்ற நினைப்பு வந்துவிட்டது.

“ஏங்க, பல்லுதானே வெளக்கப் போறீங்க? என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரி குத்தம் சொல்றீங்களே!”

கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்காவதை அவர் கையில் கொடுத்தாள். அவள் கையை எடுப்பதற்குள், “இது ரொம்ப ஆடுதும்மா, வேண்டாம்” என்றார் அவர்.

“சார், அதை நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லையே.”

தணிகாசலம் குனிந்து பிரஷைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. பொற்கொடியும் பார்த்தாள். பிரஷோடு சேர்த்து அவர் விரல்களைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைப்பெண் மேல் எரிந்து விழுந்தாள்.

“அதான் ஆடுதுன்னு சொல்றாருல்ல? வேற காட்டு.”