சின்னபொண்ணு, 2019

திண்டிவனத்திலிருந்து பனமலைக்குப் போகும் காரில், பேராசிரியை ஷமீமுக்குப் படபடப்பு அடங்கவில்லை.

“மல்லாட்டையில, அதான் வேர்க்கடலையில, வர்ற பூஞ்சையைப் பத்தி சின்னபொண்ணு எழுதினது ஒரே ஒரு கட்டுரைதான். கல்லீரல் டாக்டர், மண் ஆராய்ச்சிக்காரர், மாட்டுத்தீவனக்காரர்னு எல்லாத் துறையிலயும் அதை மேற்கோள் காட்டறாங்க. ஜப்பான் கருத்தரங்குல, நான் சின்னபொண்ணு ஊர்ப்பக்கம்னு சொன்னதும் மொத்த அரங்கமும் எழுந்து நின்னுச்சு!”

“அவ்ளோ பெரிய ஆளுங்களா!” என்றார் டிரைவர் ஆசிப்.

வீட்டு வாசலில் ஓர் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“சின்னபொண்ணும்மா இருக்காங்களா?”

“நான்தாங்க. உக்காருங்க.”

ஷமீம் கைகூப்பினார். “உங்க கட்டுரைதாம்மா என் ஆராய்ச்சியையே மாத்துச்சு. ஜப்பான்ல உங்க பேரைச் சொன்னதும் அரங்கமே எழுந்து நின்னுச்சு.”

“கட்டுரையா? நான் கைநாட்டுங்களே!”

உள்ளிருந்து மகள் கலைப்பிரியா ஓடிவந்தாள். “எழுதினது நான்தாங்க மேடம். அனுப்பறப்ப குடும்பப் பேரு கேட்டாங்க. நமக்கு ஏது அதெல்லாம்? அம்மா பேரைப் போட்டேன். மேற்கோள் காட்டறப்ப எல்லாரும் அதையே புடிச்சிக்கினாங்க.”

சின்னபொண்ணு உரிப்பதை நிறுத்தினார்.

“இந்த ஊருல நான் வேங்கடேசன் பொண்டாட்டிங்க. என் பேரைச் சொல்லி யாருமே கூப்பிட்டதில்ல. ஜப்பான்ல எப்படிச் சொன்னாங்க? சொல்லிக் காட்டுங்களேன்.”

உட்காரப்போன ஷமீம் நிமிர்ந்து நின்றார்.

“சின்னபொண்ணு!”