ஏரி நடுவே மாதா கோயில்

“என்ன பெலிக்ஸு, கையில கவரு இருக்கு. விசா வந்திருச்சா?”

டீக்கடை அப்துல் ஹமீது கல்லாவில் இருந்தபடியே கேட்டார். பெலிக்ஸ் கவரை அவசரமாகச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, “வந்திருச்சு பாய்” என்றான்.

“அது எந்தப் பக்கம்னு சொன்ன?”

“ஸ்லோவேனியா. இத்தாலிக்கு அடுத்தாப்புல.”

“நல்லபடியா போயிட்டு வாங்க. சாக்லேட்டை மறந்துராதப்பா.”

சொன்ன பொய்க்கு டீ இனாமாகவே கிடைத்தது. பாதிக்கு மேல் அவனால் குடிக்க முடியவில்லை.

விசா வரவில்லை. ராஜபாளையத்தில் அவன் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு மத்தியானம் வந்த கவரை, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரித்தான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் எல்லாப் பக்கமும் வெறும் பக்கம். இவர்கள் ஊர் திரும்புவார்கள் என்று தூதரகத்துக்கு நம்பிக்கை வரவில்லையாம். பிளவக்கல் அணையைத் தாண்டி ஒரு சுற்றுலா போகாதவன், ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பாமல் வேறெங்கே போய்த் தொலைவான்?

பெண்டாட்டி ஜெயசித்ராவுக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது. மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். “கிறிஸ்மஸ் வரைக்கும் பார்வை நிக்கலாம். பாக்கணும்னு ஆசைப்படுறதை எல்லாம் பாத்துக்கச் சொல்லுங்க” என்று அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட்டது.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில், “ஏட்டி, உனக்கு என்ன பாக்கணும்?” என்று கேட்டான். இதுவரை ஒரு நல்ல சேலை கூட வாய்விட்டுக் கேட்காதவள், செல்போனைத் திறந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். பனி மூடிய மலைகள், கீழே ஏரி, ஏரி நடுவே குட்டித் தீவில் ஒரு மாதா கோயில்.

பெலிக்ஸ் மறுநாளே பி.எஃப். பணத்துக்கு எழுதிப்போட்டான். நவம்பரில் போய்விட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். இனி மறுபடியும் எழுதிப்போட்டு, மறுபடியும் காத்திருந்தால் கிறிஸ்மஸ் தாண்டிவிடும். அதற்கப்புறம் அங்கே போய் அவள் என்னத்தைப் பார்க்க?

வீட்டுக்குள் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்த மாதா கோயில் படம், காற்றில் புரண்டு பின்பக்க அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நேராக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

“வந்துட்டியளா?” ஜெயசித்ரா அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “மத்தியானத்துல இருந்து அந்தப் படத்தைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். கோயிலுக்கு எம்புட்டுப் படி.”

“ம்.”

“கல்யாண மாப்பிள்ளை, பொண்ணைத் தூக்கிக்கிட்டு அந்தப் படி ஏறணுமாம். மேல போய்ச் சேர்ற வரைக்கும் பொண்ணு வாயே தொறக்கக் கூடாதாம். என்னைத் தூக்கிருவியளா?”

“நான் தூக்கிருவேன். நீ வாயை மூடிக்கிட்டு வரணுமே.”

வழக்கமான கேலி, பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு, சட்டைக்குள் இருந்த கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“வேணும்னா என்னாலயும் பேசாம இருக்க முடியும்” என்று சிரித்தாள். “விசா வந்திருச்சாமே. பாய் போன் போட்டுச் சொன்னாருன்னு அவரு வீட்டு மெகராஜ் அக்கா ஓடி வந்து சொல்லிட்டுப் போறாவ. என்கிட்ட சொல்ல மாட்டியளோ? என் போட்டோ ஒட்டிருக்காவளா?”

விசாவுக்கென்று எடுத்த போட்டோ அது. காது இரண்டும் தெரிய வேண்டும் என்று முடியை இழுத்துக் கட்டச் சொல்லி, சிரிக்கவும் விடாமல் எடுத்துத் தள்ளினான் ஸ்டுடியோக்காரன். கோழி களவாண்டவ மூஞ்சி மாதிரி இருக்கு, இதையா வெள்ளைக்காரன் பார்ப்பான் என்று நாலு நாள் புலம்பினாள்.

பாயிடம் பொய் சொல்லலாம், தெருவுக்கே சொல்லலாம். இவளிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொல்லவும் எழவில்லை. கையாலாகாத புருஷனாகிப் போனோமே என்று நெஞ்சு எரிந்தது.

அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். கவரிலிருந்து அவள் பாஸ்போர்ட்டை எடுத்து, நடுவில் ஒரு வெறும் பக்கத்தை விரித்து அவள் கையில் கொடுத்தான். அவள் அழப்போவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயசித்ரா அந்தப் பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பெருவிரலால் மெல்லத் தடவினாள். அழுகிறாளோ என்று அவன் நிமிர்ந்தான். அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“பயந்துக்கிட்டே இருந்தேங்க. என் போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்கு.”