வியாழக்கிழமை மூணு மணி

"மணி மூணு. கெளம்பிட்டாரு பாரு" என்றார் ஞானப்பிரகாசம், ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு.

தெருவில் உபதேசியார் பாக்கியநாதன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வாயில் பாட்டு வேறு.

"போனா போவட்டும். உங்களுக்கின்னா பேஜாரு?" என்றாள் மனைவி குணசுந்தரி, முறத்திலிருந்து தலை தூக்காமல்.

"நல்லா கேட்ட. இவரு பாட்டுக்கு ஊர் சுத்தப் போய்ட்டா கோயில யாரு பாக்கறது?"

ஆரம்பாக்கத்துக் கோயிலுக்கு மாதம் ஒரு ஞாயிறுதான் சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், நோயாளி வீட்டில் ஜெபம், சாவு வீட்டில் ஜெபமாலை, புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து. சுற்றி ஆறு ஊர், ஒரே சைக்கிள். அப்படிப்பட்ட ஆள் ஒரு மாதமாக வியாழக்கிழமை மூணு மணிக்குக் காணாமல் போனால், கேள்வி கேட்க ஒருவர் வேண்டாமா?

அதற்குத்தான் ஞானப்பிரகாசம் இருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்புக் கம்பெனியில் டைம் கீப்பர். அரை நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கும் ரோஸ் கலர் லேட் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிற மகராசன். கம்பெனிக்கு ஒரு நியாயம், கோயிலுக்கு ஒரு நியாயமா என்று சாமியாருக்கு இதுவரை மூன்று மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார். பேர் கிடையாது. கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதியிருந்தார்.

முதல் கடுதாசி: உபதேசியார் சாவு வீட்டில் ஜெபமாலை நடுவே தூங்கி விழுந்தார். இரண்டாவது: ஞானோபதேசப் பிள்ளைகள் மேல் வள்ளென்று விழுகிறார். மூன்றாவது: வியாழக்கிழமையானால் ஆளே இல்லை, இவரை நீக்கிவிட்டு வேறு ஆள் போடவும்.

சாமியார் எந்த நடவடிக்கையும் எடுத்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கு ஞானப்பிரகாசத்துக்குக் காலை ஷிப்ட், முடித்து வந்தாயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டார்.

"கையும் களவுமா புடிச்சிக்கினு வரேன்."

"அப்டியே மண்ணெண்ண டின்ன எடுத்துக்கினு போங்க" என்றாள் குணசுந்தரி.

டின்னோடு சைக்கிளை மிதித்தார். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் சரக்கு தாராளம். உபதேசியார் அங்கேதான் போவார் என்று ஆசையோடு பின்தொடர்ந்தார். அவரோ ஏரிக்கரைப் பக்கம் திரும்பினார். ஞானப்பிரகாசத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கரையேறிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயசு உபதேசியார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஓடுகிறார். கையில் காத்தாடி.

"நூல உடுங்க, இன்னும் உடுங்க" என்று குதிக்கிறார்.

நூலின் மறுமுனையில், பால் பவுடர் டப்பாவில் சுற்றிய நூலை விட்டுக்கொண்டு, வெள்ளை அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகியபடி நிற்பவர் சாட்சாத் சாமியார்.

"தோத்திரம் சாமி" என்று வாய் தானாகச் சொன்னது.

"வாப்பா ஞானப்பிரகாசம். பனமரத்தாண்ட நிக்காத, நூலு சிக்கும்."

"சாமி, இது கோயில் வேல நேரமாச்சே."

"இதுவும் கோயில் வேலதான்பா. என்னோட உத்தரவு" என்றார் சாமியார், மேலேறிவிட்ட காத்தாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தாரு, சாவு ஊட்டுல உபதேசியார் தூங்கிட்டாருன்னு. ஜெபமால சொல்றவரு எப்டிப்பா தூங்குவாரு? டாக்டராண்ட இட்டுக்கினு போனேன். வேளைக்கு சோறு இல்ல, தூக்கம் இல்ல, பிரஷர் எகிறிக் கெடக்கு. மனுசன் மயங்கி வுழுந்திருக்காரு."

ஞானப்பிரகாசம் மண்ணெண்ணெய் டின்னைக் கரையில் இறக்கி வைத்தார்.

"அப்புறம் இன்னொரு கடுதாசி. புள்ளைங்க மேல வுழறாருன்னு. வருசம் பூரா ஒரு நாள் லீவு இல்லன்னா யாருதான் வுழமாட்டாங்க? வாரத்துல ஒரு மத்தியானம் கோயில மறந்துடணும்னு சொல்லிட்டேன். சும்மா குந்த மாட்டேன்னாரு. சின்ன வயசுல இன்னா புடிக்கும்னு கேட்டேன்."

உபதேசியார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எழுதுனவரு யாருன்னு தெரிஞ்சா கால்ல வுழுவேன், அண்ணே. அவரு எழுதலன்னா இந்நேரம் நீங்கல்லாம் எனக்கு ஜெபமால சொல்லிக்கினு இருந்திருப்பீங்க."

ஞானப்பிரகாசம் அவசரமாக இடையில் புகுந்தார். "அப்ப அந்த மூணாவது கடுதாசி?" என்று கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சாமியார் இரண்டைப் பற்றித்தான் சொல்லியிருந்தார்.

சாமியார் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. டப்பாவை அவர் கையில் திணித்தார். "நீயும் கொஞ்சம் உட்டுப் பாருப்பா."

காற்று வெடுக்கென்று இழுத்தது. ஞானப்பிரகாசம் நாலடி தாவினார். மண்ணெண்ணெய் டின் கரையிலிருந்து உருண்டது. உபதேசியார் இந்தப் பக்கம் இழு என்றார், சாமியார் அந்தப் பக்கம் விடு என்றார், மூன்று பேரும் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொழுது சாய்கிறவரை டைம் கீப்பருக்கு மணி பார்க்கத் தோன்றவில்லை.

காற்று ஓய்ந்து காத்தாடி விழுந்தது. எடுக்க அவரே ஓடினார்.

"வால ஜாக்கிரதையா புடிப்பா" என்று பின்னாலிருந்து சாமியார் குரல் கொடுத்தார். "வாலு இருந்தாதான் காத்தாடி ஆடாம நிக்கும்."

ஞானப்பிரகாசம் வாலைக் கையில் எடுத்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய மூன்று ரோஸ் கலர் சீட்டு. ஒரு பக்கம் இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. திருப்பிப் பார்த்தார். மூன்றின் முதுகிலும், ஊதா மசியில், பளிச்சென்று கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப்: எம். ஞானப்பிரகாசம், டைம் கீப்பர்.