யார் முகத்தைப் பார்ப்பது?

மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலையின் கூரை ஓட்டைகள் வழியே பதினோரு மணி வெயில் காசு காசாக விழுகிறது. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் நாலாம் நம்பர் பிரஸ் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முனகலைச் சேர்த்துப் போடுகிறது. இன்சார்ஜ் ஆகிப் பத்தே நாளான ஹேமாவதி, “மெஷினை நிறுத்துங்க” என்கிறாள். அதை ஓட்டும் வினோத் அவளைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் மூத்த ஆபரேட்டர் கிறிஸ்துதாஸைப் பார்க்கிறான். கை மட்டும் அச்சுக்குள் போய்ப் போய் வருகிறது. “இன்னாடா என் மூஞ்சியப் பாத்துகினு கீறே? அவங்க சொல்றாங்கல்ல, நிறுத்து!” என்கிறார் கிறிஸ்துதாஸ். பிரஸ் அடங்குகிறது. அவர் குரலும் இறங்குகிறது. “காலைலேர்ந்து எனுக்கும் அந்தச் சத்தம் கேட்டுது மேடம். லோடு போவணுமேன்னு கம்முனு இருந்துட்டேன்.” “நீங்களே பாருங்கண்ணே. நான் டார்ச் புடிக்கிறேன்” என்று அவள் அவர் பக்கத்தில் குனிகிறாள். மேல் அச்சைத் தாங்கும் போல்ட், பாதி விரிசல் விட்டு நிற்கிறது. வினோத் தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்க்கிறான். “அடுத்த மாசம் கல்யாண மோதிரம் போட வெரல் மிச்சம் கீது, அண்ணாத்தே!” ஹேமாவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது; அவள் கையிலிருக்கும் டார்ச் வெளிச்சம் இயந்திரமெங்கும் ஆடுகிறது.